இரகசிய நாணயமும் செலுத்தியதற்குச் சான்றும்

கல்வராயன் மலையில் மரவள்ளி பயிரிடுவோராயினும், கள்ளக்குறிச்சிப் பக்கத்து நெசவாளராயினும், சங்கத்தில் பணம் கட்டியதும் பற்றுச்சீட்டுப் பெறுகின்றோம். வழக்கு எழுந்தால் பேரேடு சான்று கூறும். 2014ஆம் ஆண்டில் தோன்றிய மொனேரோ என்னும் கிரிப்டோ நாணயத்திற்கும் பொதுப் பேரேடு உண்டு. ஆனால் கொடுத்தவர், பெற்றவர், தொகை ஆகிய மூன்றும் அதில் மறைந்துள்ளன. தொலைதூர வணிகர் ஒருவருக்கு அதில் பணம் செலுத்திய பின், “வரவில்லை” என அவர் சாதித்தால் செய்வது யாது?

மூன்று விவரங்கள் வேண்டும்: பரிவர்த்தனை எண், பெறுவோர் முகவரி, பரிவர்த்தனைச் சாவி. செலுத்தும்போது உண்டாகும் இச்சாவி, செலுத்தியவரின் மின்பணப்பையில் இருக்கும். மூன்றையும் நடுவரிடம் தந்தால், அம்முகவரிக்குச் சென்ற தொகையை அவரே சரிபார்க்கலாம்; நம் பிற கணக்குகள் வெளிப்படா.

பணப்பை அழிந்தால், மீட்புச் சொற்களால் இருப்பை மீட்கலாம். பழைய சாவிகளை மீட்க இயலாது. ஆகவே செலுத்திய அன்றே சாவியைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். மீட்புச் சொற்களையோ நடுவருக்கும் காட்டலாகாது. அவற்றை அறிந்தவர் பணத்தையே எடுத்துவிடுவர்.

இச்சான்று பணம் சென்றதை மெய்ப்பிக்குமேயன்றி, சரக்கு வந்ததா என்பதைக் கூறாது. சென்றதைத் திருப்பித் தர நடுவில் வங்கியும் இல்லை. கிரிப்டோ நாணயம் சொத்தே எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியுள்ளது. எனினும் எதிர்த்தரப்பினர் யாரெனத் தெரியாவிடில் வழக்கு நிற்பது எங்ஙனம்? ஆதலின் வணிகரின் பெயர், முகவரி, சரக்கு, விலை ஆகியவற்றை அவர் கையொப்பத்துடன் முன்னரே எழுதி வாங்குக. அதற்கு இசையாதவரிடம் இந்நாணயத்தில் கொடுக்கல் வாங்கல் வேண்டா என்பதே நாம் கூறுவது.