கட்டைவிரல் உயர்ந்தால்

முன்னர் ஹேவ்லாக் எனப்பட்ட அந்தமானின் ஸ்வராஜ் தீவில் ஸ்கூபா முக்குளிப்புப் பயில்வோர் தொடக்கத்திலேயே அறிவது ஒன்று: நீருக்கடியில் உயர்த்திய கட்டைவிரல் பாராட்டு அன்று, 'மேலே செல்வோம்' என்பதாகும். இணையராக இறங்கிய இருவரில் எவர் அதைக் காட்டினாலும், மற்றவர் காரணம் கேளாமல் உடன் எழவேண்டும்.

30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் நான்கு மடங்கு. உருளையிலுள்ள காற்றும் அவ்வளவு விரைவாகத் தீரும். குளிரும் பதற்றமும் உடலமைப்பும் அதை மேலும் விரைவுபடுத்தும். இதைத் திறமைக் குறைவென நாணி அழுத்தமானியை மறைப்பவருக்கு, இறுதியில் துணைவரின் உருளையிலிருந்தே மூச்சுவிட நேரிடலாம். அப்போது ஆபத்து இருவருக்குமே. பிழை அவருடையது மட்டுமா? படகில் ஏறியதும், "உங்களால்தான் சீக்கிரம் முடிந்தது" என்று நகைக்கும் அனுபவசாலிகள் உண்டு. அச்சொல்லைக் கேட்டவர் அடுத்தமுறை கட்டைவிரலை உயர்த்தத் தயங்குவார்.