குதிரைமேல் ஏறுமுன்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2021 ஆகஸ்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில், குதிரையேற்றமும் அடங்கிய மாடர்ன் பென்டத்லான் போட்டியில் முன்னணியில் இருந்தார் ஜெர்மனியின் அனிக்கா ஷ்லாய். குலுக்கலில் அவருக்குக் கிடைத்த செயின்ட் பாய் என்ற குதிரை தாண்ட மறுத்தது. அவர் அழுதுகொண்டே அதைச் சாட்டையால் அடித்தார். பயிற்சியாளர் குதிரையை முஷ்டியால் குத்தினார். உலகமே அதைப் பார்த்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு அந்தப் போட்டியிலிருந்து குதிரையேற்றம் நீக்கப்பட்டது.

முழுக்க முழுக்கக் குதிரையை நம்பியிருக்கும் டிரெஸாஜ், ஷோ ஜம்பிங், ஈவென்டிங் என்ற மூன்று போட்டிப் பிரிவுகளுக்கும் இது எச்சரிக்கை. அண்மை ஆண்டுகளில் சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனம் கொண்டுவந்த விதிகள் பலவும் குதிரையின் வலியைக் குறைப்பதைப் பற்றியவை. போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளும், பணம் கட்டும் பெற்றோரும் அவற்றை இப்போதே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

• மூக்குப்பட்டையைத் தளர்த்திக் கட்டுங்கள். இறுக்கினால் குதிரை வாயைத் திறக்காது. வலியைக் காட்டவும் முடியாது. பெரியவர் விரல் இரண்டு நுழைய வேண்டும் என்பது பழைய கணக்கு. விரலுக்கு விரல் பருமன் மாறுவதால், 2025 முதல் சர்வதேசப் போட்டிகளில் அதற்கென்றே ஓர் அளவுகோலைக் கொண்டு சோதிக்கிறார்கள். கன்னத்துப் பக்கம் இடம் இருப்பதாகத் தோன்றும், ஏமாறாதீர்கள். மூக்கெலும்பின் நடுவில்தான் பார்க்க வேண்டும்.

• உடல் சூட்டைத் தணிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் குதிரை ஓட்டும் யாருக்கும் இதைவிட முக்கியமான பாடம் இல்லை. குதிரையின் இயல்பான உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை ஒட்டியது. கடும் ஓட்டத்துக்குப் பின் 40-ஐத் தாண்டுவதுண்டு. சூடான உடம்பில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று இன்றும் பல லாயங்களில் சொல்கிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகள் அந்தப் பயம் வேண்டாம் என்று காட்டிவிட்டன. இறங்கியதும் சேணத்தைக் கழற்றுங்கள், நிழலுக்குக் கொண்டுபோங்கள், கழுத்து முதல் பின்னங்கால் வரை விடாமல் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிய நீரை வழித்தெடுத்துக்கொண்டு நிற்க வேண்டாம், அடுத்த வாளியை எடுங்கள். மூச்சு சீராகும்வரை நிறுத்தாதீர்கள். குடிக்கவும் தண்ணீர் கொடுங்கள். சென்னையின் புழுக்கத்தில் வியர்வை சரியாக ஆவியாகாது. வெறும் நிழல் போதாது. ஏப்ரல், மே மாதங்களில் பயிற்சியை விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள்.

• ஹெல்மெட் போடுங்கள். டிரெஸாஜில் உயரத் தொப்பிதான் அழகு என்ற காலம் 2021-உடன் முடிந்தது. ஈவென்டிங்கின் கிராஸ் கன்ட்ரிச் சுற்றில் காற்றடைத்து விரியும் ஏர் வெஸ்ட் அணிந்தாலும், உள்ளே வழக்கமான உடற்கவசம் இருந்தே ஆக வேண்டும்.

• ஜம்பிங்தான் ஆசை என்றாலும் டிரெஸாஜ் படியுங்கள். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹ்ருதய் சேடா, அனுஷ் அகர்வல்லா நால்வரும் டிரெஸாஜ் அணிப் பிரிவில் தங்கம் வென்றார்கள். குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் அது. பொறுமையான அடிப்படைப் பயிற்சிக்குக் கிடைத்த பலன் என்றே நான் நினைக்கிறேன்.

செய்யக்கூடாதவை

• குதிரையின் தாடை நெஞ்சில் முட்டும்படி வாரை இழுத்துப் பிடிக்காதீர்கள். வலுக்கட்டாயமாகக் கழுத்தை வளைப்பதை 2010-லேயே சம்மேளனம் ஏற்கத்தகாதது என்று அறிவித்தது. ஆனாலும் வார்ம்-அப் களங்களில் இன்றும் அது கண்ணில் படுகிறது. படத்தில் அழகாக இருக்கலாம். குதிரைக்கு முன்னே இருப்பது சரியாகத் தெரியாது.

• முகத்து மீசை முடியை மழிக்காதீர்கள். இருட்டிலும், தன் மூக்குக்கு நேர்கீழேயும் குதிரை அதைக் கொண்டுதான் தடவி அறிகிறது. 2021 ஜூலை முதல் சர்வதேசப் போட்டிகளில் மழித்த குதிரைக்கு இடமில்லை.

• சாட்டையால் கோபத்தைக் காட்டாதீர்கள், யாரும் பார்க்காத பயிற்சிக் களத்திலும்கூட. மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டின், பயிற்சியின்போது குதிரையின் கால்களில் நீண்ட சாட்டையால் திரும்பத் திரும்ப அடித்த காணொளி பற்றிப் புகார் எழுந்ததால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார். ஓராண்டுத் தடையும் வந்தது. அவருடைய திறமையை நான் பெரிதும் மதித்தவன். அந்தத் தண்டனை சரி என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

• பாதுகாப்புக்காக வந்த விதியைத் திட்டாதீர்கள். கிராஸ் கன்ட்ரித் தடைகள் சிலவற்றில், குதிரை பலமாக மோதினால் தடையே சரிந்துவிடும்படி ஊசிகளும் கிளிப்புகளும் பொருத்தியிருப்பார்கள். அவை விடுபட்டால் 11 தண்டப் புள்ளிகள். டோக்கியோ ஒலிம்பிக் ஈவென்டிங்கில் டிரெஸாஜ் சுற்று முடிவில் முதலிடத்தில் இருந்த ஜெர்மனியின் மைக்கேல் யுங் இதனாலேயே பதக்கத்தை இழந்தார். புள்ளி போவது வேதனைதான். ஆனால் தடை சரியாவிட்டால் குதிரை கரணமடித்து ஓட்டுபவர் மேலேயே விழக்கூடும். அப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

• ஆரம்பத்திலேயே வெளிநாட்டுக் குதிரை வாங்காதீர்கள். பழகிய, வயதான, நிதானமான குதிரை ஒன்று போதும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குதிரையேற்றப் பள்ளியில் பணம் கட்டுமுன் லாயத்துக்குள் போய்ப் பாருங்கள். குதிரைகளின் வாயோரம் புண் இருக்கிறதா, விலாவில் குதிமுள் தழும்பு இருக்கிறதா, முதுகைத் தொட்டால் உடலைக் குறுக்கிக்கொள்கின்றனவா, எல்லாத் தொட்டிகளிலும் தண்ணீர் இருக்கிறதா என்று கவனியுங்கள். பார்க்க அனுமதிக்காத பள்ளியில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.