உள்வடிவமைப்பு: அழகுக்கு முன் அளவு

கேள்வி: கல்லூரியில் இன்டீரியர் டிசைன் படிக்க ஓவியம் தெரிந்திருக்க வேண்டுமா? கட்டடக்கலைப் படிப்பிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது?

பதில்: அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் போன்றவற்றின் நுழைவுத்தேர்வில் வரைதிறன் சோதிக்கப்படுகிறது என்றாலும், இப்படிப்பின் அடித்தளம் ஓவியமன்று, அளவே. மாணவர் ஓர் அறையை டேப்பால் அளந்து, 1:50 என்னும் அளவுவிகிதத்தில், அதாவது 50 மில்லிமீட்டரைத் தாளில் 1 மில்லிமீட்டராகச் சுருக்கி வரையும்போது, 900 மில்லிமீட்டர் அகலக் கதவு 18 மில்லிமீட்டர் கோடாகிவிட, அது திறக்கையில் கட்டிலில் இடிக்குமா என்பது தாளிலேயே புலப்பட்டுவிடுகிறது. சமையல் மேடையின் உயரத்தை அங்கு நிற்பவரின் முழங்கையைக் கொண்டு முடிவுசெய்வது போல, உடலளவுக்கேற்பப் பொருள்களை அமைக்கும் துறை பணிச்சூழலியல் எனப்படும். வண்ணத் தேர்வே படிப்பு என்று எண்ணிச் சேர்வோர் திகைப்பது இங்கேதான். எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையை வீணாகாமல் வெட்டத் திட்டமிடுவதும் பாடமே.

இந்தியாவில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று தொழில்முறையில் குறிப்பிட்டுக்கொள்ள, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலை மன்றத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். உள்வடிவமைப்பாளருக்கு அச்சட்டத்தின்கீழ் அத்தகைய பதிவு இல்லையாதலால், கல்லூரியைத் தேர்வோர் பட்டத்தின் பெயரைவிட, அங்கே மரவேலைப் பட்டறை உண்மையிலேயே இயங்குகிறதா என்று நேரில் பார்ப்பது நலம்.