கோடு வெட்டாமல் உறவுப்படம் வரைவது எப்படி?



டிராயிங் என்றதும் நம் நினைவுக்கு வருவது டிராஃப்டர், செட்ஸ்கொயர், முன்தோற்றம், பக்கத்தோற்றம்! இவையெல்லாம் பொருள்களை வரைவதற்கு. மனிதர்களுக்குள் இருக்கும் தொடர்பையும் படமாக வரையலாம். அதற்கும் நல்ல டிராயிங், மோசமான டிராயிங் உண்டு. அதைப் பற்றிச் சிறிது பார்ப்போம்.

உறவுப்படம் என்றால் என்ன?

ஆளுக்கு ஒரு புள்ளி. இருவருக்குள் தொடர்பு இருந்தால் ஒரு கோடு. அவ்வளவுதான். அமெரிக்காவில் வாழ்ந்த மனநல மருத்துவர் ஜேகப் மொரேனோ 1934-ல் வெளியிட்ட நூலில் இத்தகைய படங்களை நிறைய வரைந்து காட்டினார். 'சோசியோகிராம்' என்று பெயர் வைத்தார். கோடுகள் ஒன்றையொன்று எவ்வளவு குறைவாக வெட்டுகின்றனவோ, அவ்வளவு நல்ல படம் என்பது அவர் கருத்து.

இந்தப் படம் தொழிற்சாலைக்குள்ளும் நுழைந்தது. சிகாகோவை ஒட்டிய வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில், 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, 14 பேரை ஒரே அறையில் வேலை செய்ய வைத்துக் கவனித்தார்கள். 9 பேர் வயர் கட்டுபவர்கள், 3 பேர் சால்டரிங் செய்பவர்கள், 2 பேர் இன்ஸ்பெக்டர்கள். யார் யாரோடு விளையாடுகிறார், யார் யாருக்குக் கை கொடுக்கிறார், யாருக்கும் யாருக்கும் ஆகாது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம் போட்டார்கள். ஒரே அறைக்குள் முன்பக்கம் ஒரு கூட்டம், பின்பக்கம் ஒரு கூட்டம் இருப்பது படத்தில் தெரிந்தது!

நமக்கு இது எதற்கு?

படிப்பு முடிந்ததும் நம்மில் பலர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம்தான் போகப் போகிறோம். ஒரு வீட்டை நாலைந்து பேர் சேர்ந்து எடுப்போம். ஆளுக்கு ஒரு ஷிஃப்ட். ஒருவன் தூங்கும்போது இன்னொருவன் கம்பெனி பஸ்ஸில் இருப்பான். ஒரு சேதி எல்லோருக்கும் போய்ச் சேர்கிறதா என்பது அங்கே சின்ன விஷயம் இல்லை.

2021 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு கெட்டு, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. தோழிகள் கொதித்துப்போய்ச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை என்று அதன்பிறகு அரசு தரப்பில் விளக்கம் சொல்லப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் தங்கும் இடத்தில் உண்மைச் செய்தி எந்த வழியாகப் போகும், எங்கே நின்றுவிடும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது எவ்வளவு அவசியம்!

வரைந்து பார்ப்போம்

ஒரு கற்பனை உதாரணம். ஒரகடத்தில் 8 அப்ரன்டிஸ்கள். பெயர் வேண்டாம், அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ என்று வைத்துக்கொள்வோம். கேள்வி ஒன்றே ஒன்று: 'ஷிஃப்ட் மாறிவிட்டது என்று தெரிந்தால் யாருக்கு ஃபோன் பண்ணுவாய்?' பதிலில் கிடைத்த ஜோடிகள் 9:

அ–இ, இ–உ, உ–எ, எ–அ, ஆ–ஈ, ஈ–ஊ, ஊ–ஆ, உ–ஊ, ஆ–ஏ.

இப்போது ஒரு வட்டம் போட்டு, எட்டு எழுத்தையும் அகரவரிசையில் சுற்றி வைத்து, ஒன்பது கோட்டையும் நேர்கோடாக இழுங்கள். வெட்டுகளை எண்ணுங்கள். 8 வரும்! ஒன்பது கோட்டுக்கு எட்டு வெட்டு. நூல்கண்டைப் பூனை இழுத்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

இனி இந்த முறைப்படி செய்யுங்கள்.

1. யார் யார் தங்களுக்குள் நெருக்கமாக இணைந்திருக்கிறார்கள் என்று பட்டியலில் பிரியுங்கள். அ, இ, உ, எ ஒரு கூட்டம். ஆ, ஈ, ஊ இன்னொரு கூட்டம்.

2. முதல் கூட்டத்தைத் தாளின் இடப்பக்கம் சதுரமாக வையுங்கள். அடுத்ததை வலப்பக்கம் முக்கோணமாக வையுங்கள்.

3. இரு கூட்டத்தையும் இணைப்பவர்களை உள்பக்கமாகத் திருப்புங்கள். உ சதுரத்தின் வலது மூலைக்கு வரட்டும். ஊ முக்கோணத்தின் இடது மூலைக்கு வரட்டும். நடுவில் ஒரு கோடு, பாலம் மாதிரி.

4. ஒரே கோடு உள்ளவரை வெளி ஓரத்தில் விடுங்கள். ஏ, ஆ-வுக்கு வெளியே தனியாகத் தொங்குவான்.

5. கோடுகள் ஏறக்குறைய ஒரே நீளம் இருக்கட்டும். சம்பந்தமில்லாத புள்ளியின் மேல் எந்தக் கோடும் ஏறக் கூடாது.

எண்ணிப் பாருங்கள், வெட்டு 0. ஆளும் அதே, கோடும் அதே, இடம் மட்டும்தான் மாறியது. ஆனால் இப்போது படம் பேசுகிறது! குறில் எல்லாம் ஒரு வீடு, நெடில் எல்லாம் ஒரு வீடு. உ அல்லது ஊ லீவில் ஊருக்குப் போனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சே அறுந்துபோகும். ஏ-வுக்கு ஆ-வை விட்டால் நாதியில்லை. ஆ-வின் போன் ஆஃப் ஆனால் ஏ பஸ்ஸைத் தவற விடுவான். என்ன செய்யலாம்? ஏ-வின் நம்பரை எ-யிடமும் கொடுத்துவைத்தால் போதும். ஒரு கோடு கூடியது, இரண்டு ஆபத்தும் தீர்ந்தது!

வெட்டே இல்லாமல் எப்போதும் முடியுமா?

முடியாது. புள்ளிகள் மூன்றோ அதற்கு மேலோ என்றால், அந்த எண்ணிக்கையை 3-ஆல் பெருக்கி 6-ஐக் கழியுங்கள். கோடுகள் அதைத் தாண்டினால் வெட்டு நிச்சயம். 8 பேருக்கு 18 கோடுதான் எல்லை. எல்லைக்குள் இருந்தாலும் சில படங்கள் அடங்காது. மூன்று வீடு, மூன்று இணைப்பு புதிரை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர், கேஸ், மின்சாரம் தர வேண்டும். 9 கோடுதான், ஆனாலும் ஒரு வெட்டாவது வந்தே தீரும். இரண்டு பக்கமும் காப்பர் டிராக் போட்ட பிசிபி ஏன் வந்தது என்று எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு இப்போது புரியும்!

இந்தக் கணக்குக்கு ஒரு வேதனையான வரலாறும் உண்டு. ஹங்கேரிய கணித மேதை பால் டுரான், 1944-ல் புடாபெஸ்ட் அருகே கட்டாய உழைப்பு முகாமில் செங்கல் சூளையில் வேலை செய்தார். எல்லாச் சூளையிலிருந்தும் எல்லாக் கிடங்குக்கும் தண்டவாளம். தண்டவாளங்கள் வெட்டும் இடத்தில் தள்ளுவண்டி குதிக்கும், செங்கல் கொட்டும். வெட்டுகளை எவ்வளவு குறைக்கலாம் என்று அங்கேயே யோசித்தார். எத்தனை சூளை, எத்தனை கிடங்கு என்றாலும் பொருந்தும் முழு நிரூபணம் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆள் நூறு, இருநூறு என்றால் கம்ப்யூட்டர் உதவும். பீட்டர் ஈட்ஸ் 1984-ல் சொன்ன வழி மெக்கானிக்கல் மாணவர்களுக்குப் பிடிக்கும். கோடு ஒவ்வொன்றையும் ஸ்பிரிங் என்று நினை. கோடு இல்லாத புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளட்டும். எல்லாம் ஆடி அடங்கி நிற்கும் இடமே படம். 'கெஃபி' போன்ற இலவச மென்பொருள்களில் இந்த வகை முறைகள் உள்ளன. ஆனாலும் கடைசியில் கையால் கொஞ்சம் நகர்த்தினால்தான் படம் தெளியும்.

இரண்டு எச்சரிக்கை

ஒன்று: நடுவில் இருப்பவன் தலைவன், ஓரத்தில் இருப்பவன் வேண்டாதவன் என்று படிக்காதீர்கள். இடத்தை முடிவு செய்தது நம் பென்சில். கோடுகளை மட்டும் நம்புங்கள்.

இரண்டு: பெயர் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டாதீர்கள். தனியாக நிற்பவன் மனம் நோகும். யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற படம் வேண்டாதவர் கையில் போனால் ஒருவருடைய வேலைக்கே உலை வைக்கும். ஹாதார்ன் அறிக்கையிலும் பெயருக்குப் பதில் 'டபிள்யூ 1', 'எஸ் 1' என்ற குறிகள்தான் இருந்தன.

நண்பர்களே! ஒரு வெள்ளைத்தாள், பென்சில், ரப்பர் போதும். கேட்டுவிட்டு, உங்கள் அறைக்கும் பக்கத்து அறைக்கும் ஒரு படம் போடுங்கள். வெட்டுகளைக் குறையுங்கள். ஓரத்தில் ஒற்றைக் கோட்டில் ஒருவன் தொங்கினால், தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு அவனுக்கு ஒரு ஃபோன் போடுங்கள். வாழ்த்துகள்!