தட்டில் நியூரான் வளர்க்க வரும் பிள்ளைகளுக்கு

ஸ்டெம் செல்லிலிருந்து நியூரான் வளர்க்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இத்தனை நாள் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். நினைவுக்கு வந்த வரிசையில் எழுதியிருக்கிறேன்.

1. எங்கிருந்து வந்தோம் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். 1998-ல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தார். 2006-ல் கியோட்டோவில் ஷின்யா யமனக்கா எலியின் தோல் செல்லில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதைக் கருநிலைக்குத் திருப்பினார். மறு ஆண்டே மனித செல்லிலும் அது நடந்தது. அதன் பிறகுதான், நோயாளியின் கொஞ்சம் தோலோ ரத்தமோ இருந்தால் அவருடைய மரபணுக்களோடு நியூரான் வளர்க்கலாம் என்றானது.

2. செல்லுக்குப் பொங்கல், தீபாவளி தெரியாது. மாடு வைத்திருப்பவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போக முடியுமா? செல் வளரும் திரவமான மீடியாவை மாற்ற ஆள் சொல்லிவிட்டுப் போங்கள்.

3. மைகோபிளாஸ்மா கிருமிச் சோதனையையும் குரோமோசோம் சோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். 20-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு கூடுதலாகிவிட்ட செல், பக்கத்துச் செல்களை முந்திக்கொண்டு பெருகும். கொஞ்ச நாளில் தட்டு முழுக்க அதுவாகிவிடும். பார்க்க லட்சணமாக வேறு இருக்கும். ‘இந்த லைன் ரொம்ப நல்லா வளருது சார்’ என்று யாராவது சந்தோஷப்பட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

4. எதையும் பார்த்தவுடன் நியூரான் என்று பெயரிட்டுவிடாதீர்கள். இது ஒன்றை மட்டும் படித்துவிட்டு மற்றதை மறந்தாலும் எனக்குச் சம்மதம். பார்க்கின்சன் நோயில் சாகிற டோபமைன் நியூரான்களைத் தட்டில் செய்துவிட்டோம் என்று பலர் சொன்ன காலம் உண்டு. அந்தச் செல்கள் டோபமைன் நியூரானுக்குரிய அடையாளப் புரதங்களைக் காட்டின, படத்தில் பச்சையும் சிவப்புமாக மின்னின. விலங்கின் மூளையில் வைத்தால் பெரும்பாலும் பிழைக்கவில்லை. இந்த வகை செல்லே நோஞ்சான் போலிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். 2011-ல் நியூயார்க்கில் லோரன்ஸ் ஸ்டூடரின் குழு, கருவில் இந்த நியூரான்கள் பிறக்கிற இடத்தின் வழியையே பின்பற்றிச் செல்களை வளர்த்தது. அவை எலியிலும் குரங்கிலும் பிழைத்தன. ஆக, முன்பு செய்தவை பாதி வழியில் நின்ற செல்கள். ஆகையால் படத்தோடு நிறுத்தாதீர்கள். மின்துடிப்பு வருகிறதா, டோபமைன் சுரக்கிறதா, எந்த மூளைப் பகுதிக்குரிய செல் என்று அளந்து பாருங்கள்.

5. உங்கள் நியூரானின் வயது என்ன? கொடுத்தவருக்கு எழுபது இருக்கலாம். செல்லைக் கருநிலைக்குத் திருப்பும்போது அந்த முதுமையின் தடயம் பெருமளவு அழிந்துவிடும். தட்டில் இருப்பது கருவிலிருக்கும் சிசுவின் நியூரானுக்கு நெருங்கியது. அதை வைத்து அல்சைமர் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். மனித நியூரான் முதிர மாதக்கணக்காகும். எலி மூளையில் வைத்தாலும் அது எலியின் வேகத்துக்கு ஓடாது. உங்கள் முனைவர் பட்டக் கெடுவுக்கும் ஓடாது.

6. நோயாளியின் செல்லை யாரோ ஒருவருடைய செல்லோடு ஒப்பிடாதீர்கள். மரபணுவைத் திருத்தும் க்ரிஸ்பரால், நோய்க்குக் காரணமான அந்த ஒரு பிழையை மட்டும் திருத்திய அதே நோயாளியின் செல்லோடு ஒப்பிடுங்கள். செலவுதான், செய்யுங்கள்.

7. ஆர்கனாய்டு என்கிற மூளைத் திசு உருண்டையை வளர்ப்பவர்கள் நிருபர்களிடம் ‘குட்டி மூளை’ என்று சொல்லாமலிருந்தால் புண்ணியம். 2013-ல் வியன்னாவில் மேட்லின் லங்காஸ்டரும் யூர்கன் நோப்லிக்கும் அதை வளர்த்து, சிறுதலை நோயில் மூளை ஏன் சிறுக்கிறது என்று காட்டியது அருமையான வேலை. ஆனால் அந்த உருண்டைக்கு ரத்தக் குழாய் கிடையாது. பெரிதானால் நடுவில் செல்கள் செத்துப்போகும்.

8. மூளையைச் செப்பனிடும் ஆசை பழையது. ஸ்வீடனின் லுண்டில் 1987-லேயே கருத் திசுவைப் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் வைத்தார்கள். சிலருக்கு நன்றாகவே பலன் இருந்தது. பிறகு அமெரிக்காவில் ஒப்பீட்டுக் குழுவோடு நடந்த சோதனையின் முடிவு 2001-ல் வந்தது. சிலருக்குக் கட்டுப்படாத உடல் அசைவுகள் வந்திருந்தன. அந்தத் துறையே பல வருடம் முடங்கியது. 2025-ல்தான் ஸ்டெம் செல்லிலிருந்து செய்த செல்களைப் பற்றி இரண்டு நல்ல செய்திகள் சேர்ந்து வந்தன. கியோட்டோவில் ஜுன் தகஹாஷியின் குழு ஏழு பேருக்கும், ஸ்டூடர் வழியில் செய்த செல்களை வைத்து அமெரிக்கா, கனடாவில் பன்னிரண்டு பேருக்கும் சிகிச்சை செய்தார்கள். செல்கள் பிழைத்தன, டோபமைன் சுரந்தது, கட்டி வரவில்லை. கியோட்டோவில் பலன் அளக்கப்பட்ட ஆறு பேரில் நால்வருக்கு மருந்து இல்லாத நேரத்து உடலசைவு தேறியது. இரண்டிலும் ஒப்பீட்டுக் குழு இல்லை. மகிழ்ச்சியடையுங்கள், இந்தக் கடைசி விஷயத்தையும் சேர்த்தே எல்லோரிடமும் சொல்லுங்கள்.

9. உங்கள் பெயர் பேப்பரில் வந்ததும் சிகிச்சை கேட்டுப் போன் வரும். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாயார், பக்கவாதத்தில் படுத்தவரின் மகன். எரிச்சல்படாமல் பேசுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி, நம் நாட்டில் ரத்த நோய்கள் முதலான சிலவற்றுக்கு ரத்த ஸ்டெம் செல் மாற்றுவது மட்டுமே ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்றதெல்லாம் முறைப்படி அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வென்றால் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.