எலும்பில் சீழ் பிடித்தால்

பிள்ளை கால் வலிக்குது என்றால் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவுவது நம்ம லயங்களில் வழக்கம். காய்ச்சலும் சேர்ந்து, காலை ஊன்றவே மாட்டேன் என்றால் உருவ வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். எலும்புக்குள் கிருமி புகுந்திருக்கலாம்.

பெரும்பாலும் இது ஸ்டெபிலோகொக்கஸ் என்ற கிருமியின் வேலை. இரத்தத்தோடு போய், பிள்ளைகளுக்கு முழங்காலை அண்டிய எலும்பு நுனியில் தங்கிவிடும். வெளியே காயமே தெரியாது. முதல் பத்து நாள் எக்ஸ்ரே படத்திலும் தெரியாமல் போகலாம். ஆகவே, "படத்தில் ஒன்றுமில்லையே" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு கவ்வாத்துக் கத்தி வெட்டு, ஆணி குத்து, சீனி வியாதிக்காரரின் கால் புண் வழியாகவும் வரும். வெட்டுக்குக் கோப்பித்தூள் அப்பாதீர்கள் என்று எத்தனை தரம் சொல்லிவிட்டோம்! சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணி கட்டி டிஸ்பென்சரிக்கு வாருங்கள். ஏற்பு ஊசியும் தேவைப்படலாம்.

மருந்து முதலில் ஊசி, பிறகு குளிசை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 6 வாரம். சீழ் கட்டினால் ஆப்பரேஷன். வலி போனதும் குளிசையை நிறுத்திய ஒருவரை எங்களுக்குத் தெரியும். எலும்புத் துண்டு செத்து, மூன்று தரம் சீழ் உடைத்தது. கிளினிக் நாளில் பேர் போகுதே என்ற கவலை இருந்தால் முதலே சொல்லுங்கள், கணக்கப்பிள்ளையிடம் நாங்கள் பேசுகிறோம்.