வாட்ஸ்அப்பில் நான் ஏன் இல்லை

டெல்லியில் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தண்ணீர் லாரி அறிவிப்பு முதல் பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடம் வரை எல்லாமே வாட்ஸ்அப் குழுவில்தான் வருகின்றன. அதில் சேராதவரை வீம்புக்காரர் என்று பிறர் நினைப்பதில் வியப்பில்லை. எனக்குத் தொழில்நுட்பத்தின் மீது பயமோ வெறுப்போ கிடையாது. சேரும்போது நாம் ஒப்புக்கொள்ளும் நிபந்தனையைப் பிறகு அந்த நிறுவனமே மாற்றிவிடலாம் என்பதுதான் என் தயக்கம். அது மாறும் நாளில் உறவும் தொழிலும் அந்தச் செயலிக்குள் குடியேறியிருக்கும்; விலகுவது பெயரளவு உரிமையாகிவிடும். வேண்டாம் என்று சொல்லும் வலு முழுதாக நம்மிடம் இருப்பது சேருவதற்கு முன்புதான்.

இது வெறும் ஊகமல்ல. 2014-இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்தபோது, பயன்படுத்துவோருக்கு எதுவும் மாறாது என்றார்கள். 2016 ஆகஸ்டில் கொள்கை மாறியது. கணக்கு விவரங்கள் ஃபேஸ்புக்குடன் பகிரப்படும் என்றானது. இரண்டு மாணவர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். செப்டம்பர் 25-க்கு முன் கணக்கை நீக்குவோரின் விவரங்களை அழிக்க வேண்டும், தொடர்வோரின் அந்தத் தேதி வரையிலான விவரங்களைப் பகிரக் கூடாது என்று நீதிமன்றம் செப்டம்பர் 23 அன்று உத்தரவிட்டது. அதற்குப் பிந்தைய விவரங்களுக்கு அந்தக் காப்பு இல்லை. இரு சேவைகளின் கணக்குகளையும் தானாகப் பொருத்திப் பார்க்க இயலாது என்று 2014-இல் தவறான தகவல் தந்ததற்காக, ஐரோப்பிய ஆணையம் 2017-இல் ஃபேஸ்புக்குக்கு 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2021-இல் வந்த புதிய கொள்கையோ ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு என்றது. அதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதமும், விளம்பரத்துக்காகத் தரவைப் பகிர ஐந்தாண்டுத் தடையும் விதித்தது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்து, அந்தத் தடையை நீக்கியது. நிவாரணம் வருகிறது, தாமதமாக, பாதியாக வருகிறது.

செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டவைதானே என்பார்கள். உண்மைதான், 2016 முதல் தனிப்பட்ட உரையாடலை நிறுவனமே படிக்க முடியாது. ஆனால் யார், யாரோடு, எப்போது, எவ்வளவு அடிக்கடி என்பது உள்ளடக்கம் அல்ல; மறையாக்கம் அதை மறைப்பதில்லை. மருத்துவரோடும் வழக்கறிஞரோடும் ஒருவர் ஒரே வாரத்தில் பலமுறை தொடர்புகொண்டார் என்று தெரிந்தால், என்ன பேசினார் என்று படிக்கத் தேவையில்லை. மறைக்க ஒன்றுமில்லாதவருக்கும் இது பொருந்தும். நண்பர்களின் தொடர்புப் பட்டியல் வழியாக என் எண் எப்படியும் போய்ச் சேரும் என்ற வாதம் வலுவானது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண் மட்டும் போவதும் அன்றாடப் பழக்கம் முழுவதும் போவதும் ஒன்றாகாது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே என்றால், அது சம்மதத்தையே பெரிதும் நம்புகிறது. மறுத்தால் ஊர்ச் செய்தியே கிடைக்காது எனும்போது தரும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

சேராமலிருப்பதற்கு விலை உண்டு. சில அறிவிப்புகள் பிந்தி வரும், சில அழைப்புகள் தவறும். அதைக் குறைக்க வழியும் உண்டு. பள்ளியிடமும் சங்கத்திடமும் மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ தகவல் கேட்டு எழுதிக் கொடுங்கள். அவசரத்துக்கு அழைக்கும்படி நெருங்கியவர்களிடம் சொல்லிவையுங்கள். வேலைக்காகச் சேர்ந்தே தீர வேண்டியவர்கள் தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி மறுக்கலாம். விலகும்போது செயலியை அகற்றினால் மட்டும் போதாது. முதலில் அமைப்புகளுக்குள் போய்க் கணக்கை நீக்க வேண்டும். எல்லோரும் விலக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரசு அலுவலகமும் பள்ளியும் வேறொரு வழியையும் திறந்து வைத்திருந்தால்தான், உள்ளே இருப்பவர்களின் சம்மதமும் சம்மதமாகும்.